கோடும் கணக்கும் – 17: புலப்படம் பேரேட்டில் ஏறிய கதை

விடிந்தும் விடியாத நேரத்தில் ஆரணியின் நெசவாளர் தெருக்களில் நடந்தால் காலைப் பார்த்து வைக்க வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும், வண்டிகள் வருவதற்குள் தெரு காலியாக வேண்டும். அதே பாவு பிறகு வீட்டுக்குள் போகும். தறியில் முடியப்போகும் பழைய பாவின் நுனி அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே காத்திருக்கும். விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழையின் நுனியோடு புதிய இழையின் நுனியை முறுக்கி ஒட்டுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆயிரக்கணக்கான இழைகள். இதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர். ஓரிழை இடம் மாறிப் பிணைந்துவிட்டால் அந்தத் தப்பு பாவு முழுக்கக் கூடவே வரும்.

சென்ற பகுதியில் ஜக்கார்டு பெட்டியின் துளை அட்டையிலிருந்து கணினியின் துளை அட்டைக்குப் போன பாதையைப் பார்த்தோம். இந்த முறை தறியை விட்டுத் தெருவுக்கு வருகிறோம். தெரு எப்படி வரைபடமானது, அந்த வரைபடம் எப்படி அலுவலகப் பேரேட்டுக்குள் நுழைந்தது என்பதுதான் கதை. வரைபடத்தைக் கணினியில் ஏற்றுவது இதில் சுலபமான பாதி. இழையோடு இழையைப் பிணைத்ததுதான் கடினமான பாதி.

கோட்டையைத் தேடி வந்தவர்கள்

ஆரணியை முதலில் வரைபடத்தில் பார்க்க விரும்பியவர்கள் படைக்காரர்கள். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ராஜா சாகிப்பின் படையை இங்கே முறியடித்தார். 1782 ஜூனில் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் இதே ஊர்ப் பக்கம் மோதினார்கள். அவர்களுக்கு வேண்டியவை மூன்று: கோட்டை எங்கே, கமண்டல நாகநதியை எங்கே கடக்கலாம், அரிசி எங்கே இருக்கிறது. நெசவாளர் தெரு அந்தப் படத்தில் இருந்திருந்தாலும் ஒரு கீற்றாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து வந்தவர் பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள் குன்றுக்குக் குன்று தாவி, தீபகற்பத்தின் குறுக்கே மேற்குக் கரை வரை போயின. பூமியின் உருவத்தையே கணக்குப் போட்ட பெரிய முயற்சி அது. ஆனால் ஆரணியில் ஒரு குடியானவரின் வரப்பு எங்கே முடிகிறது என்று அந்த முக்கோணங்களைக் கேட்டால் பதில் வராது. அதற்குப் பதில் சொன்னவர் சங்கிலியும் கம்பும் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கிய நில அளவர். அவரோடுதான் நம் கதை உண்மையில் தொடங்குகிறது.

ஒரு தாள், ஒரு புலம்

வருவாய்த் துறைக்காரர்கள் எஃப்.எம்.பி. என்று சொல்லும் புலப்படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு புல எண்ணுக்கு ஒரு தாள். புலத்தின் மூலைகளில் கற்கள். ஒரு கல்லிலிருந்து எதிர்க் கல்லுக்கு ஒரு தடித்த கோடு. அளவர்கள் அதை ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டின் மேல் நடந்துகொண்டே, வரப்பு வளையும் ஒவ்வொரு இடத்துக்கும் இடப்பக்கமோ வலப்பக்கமோ நேர்செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுவார்கள். கடைசியில் புலம் முழுவதும் முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். பரப்பைக் கூட்டுவது அதன்பின் பள்ளிக்கூடக் கணக்கு.

பழைய தாள்களில் அளவு லிங்க்கில் இருக்கும். எட்மண்ட் குன்டர் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள், அதாவது லிங்க்குகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அப்படியானால் ஆயிரம் சதுர லிங்க் எவ்வளவு? சரியாக ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. ஆரணியில் இன்றைக்கும் மனை விலையைச் சென்ட்டில் பேசும்போது நாம் அறியாமலே அந்தச் சங்கிலியின் கண்ணிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

புலப்படத்துக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் அ-பதிவேடு. புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள் மட்டும். ஏட்டில் கோடு கிடையாது, படத்தில் ஆள் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த ஒரே கயிறு புல எண். ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எண்ணைச் சொன்னால் தாளும் கிடைக்கும், ஆளும் கிடைப்பார். 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இந்தக் கற்களுக்கும் கோடுகளுக்கும் சட்டப் பலம் கொடுத்தது.

இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் ஓரிடத்தில், விவரம் ஓரிடத்தில், நடுவே ஓர் எண். இதே அமைப்பை இன்னும் சில பத்தாண்டுகளில் கணினி உலகம் கண்டுபிடிக்கப்போகிறது.

கனடாவில் ஒரு புல எண்

1960களின் தொடக்கம். கனடா அரசு தன் பரந்த நிலத்தில் எது விவசாயத்துக்கு, எது காட்டுக்கு, எது விலங்குகளுக்கு ஏற்றது என்று கணக்கெடுக்க விரும்பியது. வரைபடங்களை மேசையில் விரித்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் கையால் அளந்தால் ஆளும் போதாது, ஆயுளும் போதாது. ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர், ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து வரைபடத்தைக் கணினிக்குள் ஏற்றும் வழியைச் செய்தார். ‘புவியியல் தகவல் அமைப்பு’ (ஜி.ஐ.எஸ்.) என்ற பெயரும் அவரிடமிருந்தே பரவியது. அந்த அமைப்பு கோடுகளை ஒரு கோப்பில் வைத்தது, நிலத்தின் தன்மைகளை இன்னொரு கோப்பில் வைத்தது, இரண்டையும் எண்ணால் கட்டியது.

1969இல் ஜாக் டேஞ்சர்மாண்டும் லாரா டேஞ்சர்மாண்டும் கலிஃபோர்னியாவில் எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த மென்பொருளின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ஆர்க்-இன்ஃபோ. ஆர்க் என்றால் கோடு. இன்ஃபோ என்பது வேறொரு நிறுவனம் செய்த தரவுத்தளம். இரண்டு தனித்தனி மென்பொருள்களை ஓர் எண் பிணைத்தது. நம் ஊர் அளவர் இதைப் பார்த்திருந்தால், “அ-பதிவேடும் புலப்படமும்தானே?” என்று கேட்டுவிட்டுச் சங்கிலியைச் சுருட்டியிருப்பார்.

ஆனால் ஒரு வித்தியாசம். கர்ணத்தின் வீட்டில் ஏடும் படமும் ஒரே பெட்டியில் இருந்தன. கணினி வந்த அலுவலகங்களில் வரைபடக்காரர்களுக்கு ஒரு தனி அறை. தனி இயந்திரம், தனி மொழி, அச்சிட ஆளுயரப் பிளாட்டர். அடுத்த அறையில் சம்பளம், பில், கையிருப்பு ஓடும் பெரிய கணினி. இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவர். வரைபடம் வேண்டுமென்றால் கடிதம் எழுதி வாங்கவேண்டும். வாங்கி முடிப்பதற்குள் அது பழையதாகியிருக்கும். உலகெங்கும் பெரிய நிறுவனங்களில் இருபது ஆண்டுகள் இப்படித்தான் ஓடின.

எழுத்து முந்தியது, கோடு பிந்தியது

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1979இல் தொடங்கி 1987 வரை யு.டி.ஆர். என்ற பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. தாத்தா பெயரில் கிடந்த பட்டாக்களைப் பேரன் பெயருக்குக் கொண்டுவருவதும், அனுபவத்தில் இருப்பவரைப் பதிவதும் அதன் நோக்கம். கிராமம் கிராமமாக நடந்த இந்த வேலையில் பிழைகளும் ஏறின. உட்பிரிவு மாறிப்போனது, பெயர் விட்டுப்போனது, பரப்பு குறைந்துபோனது. “யு.டி.ஆர். தப்பு” என்ற சொல் இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலக வாசல்களில் கேட்கும்.

இதற்கிடையே 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆரணி வேலூர்ப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்தது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் அதன் முகவரி மாறியது. தரவுத்தளத்தில் மாவட்டம் என்பது ஒரு குறியீட்டு எண். அது மாறினால் அதில் தொங்கும் வட்டம், குறுவட்டம், கிராமம் எல்லாமே ஆடும். இடம் அசையாது, எண் அசையும் என்ற பாடத்தை ஆரணி முன்கூட்டியே படித்துக்கொண்டது.

1990களின் இறுதியில் தேசிய தகவலியல் மையம் செய்த ‘தமிழ் நிலம்’ மென்பொருள் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கு வந்தது. ஏறியது எழுத்து மட்டும்: பட்டா, சிட்டா, அ-பதிவேடு. யு.டி.ஆர். ஏடுகளை வைத்துத் தட்டச்சு செய்ததால் அதன் பிழைகளும் அச்சுப்பிசகாமல் கூடவே ஏறின. பாவு பிணைத்த கதைதான். புலப்படங்கள் அப்போதும் இரும்பு அலமாரியில் மடிந்து கிடந்தன.

அவற்றை வெளியே எடுக்க வந்தது கொலாப்லேண்ட். இதுவும் தேசிய தகவலியல் மையத்தின் தமிழ்நாட்டுக் கிளையின் கைவேலை. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. மடிந்து, கிழிந்து, ஈரம் குடித்துச் சுருங்கிய தாளை அப்படியே படமெடுத்து அதன் மேல் கோடு வரைந்தால் சுருக்கமும் சேர்ந்து ஏறிவிடும். அதனால் தாளில் எழுதியிருந்த அளவுகளையே உள்ளிட்டார்கள். ஜி லைன் எத்தனை, எங்கே இடப்பக்கம் திரும்பியது, எவ்வளவு தூரம். அளவர் அன்று வயலில் நடந்த நடையைக் கணினி திரும்ப நடந்து புலத்தை வரைந்தது.

அடுத்தடுத்த புலங்களை ஒட்ட முயன்றபோதுதான் உண்மை தெரிந்தது. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகச் சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவே சந்து விழுந்தது, அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. கோடை வெயிலில் நீண்ட சங்கிலி, காணாமல் போன கல், அவசரத்தில் எழுதிய எண் என்று காரணங்கள் பல. தாள்கள் தனித்தனியாகக் கிடந்தவரை இந்தச் சந்துகள் யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றுசேர்த்ததும் ஊரே பார்த்தது.

ஒரு வீட்டுக்கு எத்தனை எண்

இப்போது ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டைக் கற்பனை செய்வோம். முன்னறையில் குழித்தறி, பின்னால் சமையல். நகர நில அளவையில் அதற்கு வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர். நகராட்சியில் சொத்து வரி விதிப்பு எண். கதவில் பழைய எண், புதிய எண். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண். மின்வாரியத்தில் சர்வீஸ் நம்பர். வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றால் அங்கே வேறொன்று. ஒரே சுவர், ஒரே கூரை, ஆனால் அரசின் கண்ணுக்கு ஆறு வீடுகள்.

இந்த ஆறில் இரண்டையாவது வரைபடத்தோடு கட்டியே தீரவேண்டும் என்ற நெருக்கடி முதலில் வந்தது மின்சாரத்தில். மின்வாரியங்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. அனுப்பிய யூனிட்டுக்கும் பில் போட்ட யூனிட்டுக்கும் இடையே பெரிய பள்ளம். எங்கே கசிகிறது? தெருவிலா, திருட்டிலா, கணக்கிலா? 2008இல் மத்திய அரசு ஆர்-ஏ.பி.டி.ஆர்.பி. என்ற திட்டத்தை அறிவித்தது. பொறுப்பு பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனுக்கு. 30,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் இதன் வரம்புக்குள் வந்தன. 2011 கணக்கெடுப்பில் 63 ஆயிரத்துக்கும் மேல் மக்கள் இருந்த ஆரணி அந்த வரம்பைப் போல இருமடங்கு.

திட்டத்தின் முதல் பகுதியில் கம்பி இழுக்கும் வேலை கிடையாது. முழுக்கவும் தகவல் தொழில்நுட்பம். பில்லிங், வசூல், புதிய இணைப்பு, துண்டிப்பு, புகார் மையம், பராமரிப்பு, மின்சாரத் தணிக்கை ஆகியவற்றோடு வரைபடமும் ஒரே கட்டமைப்பில் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். வரைபட அறைக்கும் கணக்கு அறைக்கும் நடுவே இருந்த சுவரை இந்தியாவில் மிகப் பெரிய அளவில் இடித்த திட்டங்களுள் இதுவும் ஒன்று. இழப்பு எவ்வளவு என்ற எண் மனிதக் கை படாமல் கணினியிலிருந்தே வரவேண்டும் என்பது நிபந்தனை. கடனை மானியமாக மாற்றுவதும் வேலையை முடித்துக் காட்டுவதைப் பொறுத்தே இருந்தது.

வேலை எப்படி நடக்கும்? துணைமின் நிலையத்தில் தொடங்கி ஃபீடரோடு நடப்பார்கள். ஃபீடரிலிருந்து டிரான்ஸ்பார்மர். டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பம். கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகும் சர்வீஸ் ஒயர். ஒயரின் முனையில் மீட்டர், மீட்டரில் சர்வீஸ் நம்பர். ஒவ்வொரு கம்பத்துக்கும் இட அளவு குறித்து, எண் கொடுத்து, எந்த வீடு எந்தக் கம்பத்தில், எந்தக் கம்பம் எந்த டிரான்ஸ்பார்மரில் என்று பதிவார்கள். நுகர்வோர் அட்டவணை என்று இதற்குப் பெயர். விரலில் சாம்பல் ஒட்டாத பாவு பிணைப்பு என்று நான் சொல்வேன்.

பிணைத்தபின் கணக்கு எளிது. டிரான்ஸ்பார்மரில் மாட்டிய மீட்டர் இவ்வளவு அனுப்பினேன் என்கிறது. அதில் தொங்கும் வீடுகளின் பில்களைக் கூட்டினால் இவ்வளவு வந்தது என்கிறது. கழித்தால் அந்தத் தெருவின் கசிவு கையில். இந்தக் கழித்தலைப் பில்லிங் மென்பொருள் தனியாகச் செய்ய முடியாது, அதற்குக் கம்பம் தெரியாது. வரைபடமும் தனியாகச் செய்ய முடியாது, அதற்கு யூனிட் தெரியாது.

ஆரணிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2016 முதல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட், விசைத்தறிக்கு 750 யூனிட் இலவசம். 2023இல் அது 300 ஆகவும் 1000 ஆகவும் உயர்ந்தது. எந்த வீட்டில் எந்தத் தறி என்பது பில்லில் பணமாக மாறும் செய்தி. செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும், கூரைக்குக் கீழே குழித்தறியா விசைத்தறியா என்று காட்டாது. அதை யாராவது உள்ளே போய்ப் பார்த்து எழுதவேண்டும். பட்டுச் சேலை 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கிய ரகம் என்பதால், அந்த ஒரு கட்டத்தின் கனம் நெசவாளருக்குத் தெரியும்.

இரவில் மாறும் வரைபடம்

மழைக்கால இரவு. ஒரு டிரான்ஸ்பார்மர் புகைகிறது. லைன்மேன் ஏறி, பாதித் தெருவைப் பக்கத்து டிரான்ஸ்பார்மருக்கு மாற்றிக் கட்டுகிறார். ஊருக்கு விளக்கு வந்துவிட்டது, எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆனால் கணினியில் அந்த வீடுகள் இன்னும் பழைய டிரான்ஸ்பார்மரில்தான் தொங்குகின்றன. அடுத்த மாதத் தணிக்கையில் பக்கத்து டிரான்ஸ்பார்மரில் பெரிய திருட்டு நடந்ததுபோல் இருக்கும். பழைய டிரான்ஸ்பார்மரோ அனுப்பியதைவிட அதிகம் வசூலித்ததுபோல் அதிசயம் காட்டும்.

உலகம் முழுக்க இப்படிப்பட்ட வரைபடங்கள் செத்தது இதனால்தான். கோடிக்கணக்கில் செலவழித்து ஒருமுறை ஊரை அளந்து ஏற்றுவார்கள். மறுநாளிலிருந்து ஊர் மாறும், படம் மாறாது. லைன்மேனின் வேலைச் சீட்டு முடியும்போதே வரைபடமும் திருந்தும்படி அமைத்தால் மட்டுமே அது உயிரோடு இருக்கும். வரைபடத்தைத் திருத்துவது தனி வேலையாக இருக்கும்வரை அதைச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

மென்பொருள் உலகமும் இதே முடிவுக்குத்தான் வந்தது. 1994இல் ஓப்பன் ஜி.ஐ.எஸ். கூட்டமைப்பு உருவாகி, எந்த நிறுவனத்தின் தரவுத்தளமும் புள்ளி, கோடு, பரப்பு என்பவற்றை ஒரே விதமாகப் புரிந்துகொள்ளும் தரங்களை வகுத்தது. 90களின் பிற்பாதியில் ஆரக்கிள் போன்ற பெரிய தரவுத்தளங்கள் கோட்டையும் தமக்குள்ளேயே வைக்கத் தொடங்கின. 2001இல் போஸ்ட்ஜி.ஐ.எஸ். வெளிவந்து, அதே வசதியைக் காசில்லாமல் கொடுத்தது. அதாவது பெயர், பரப்பு, தீர்வை என்று கட்டம் போட்ட ஏட்டில் இன்னொரு கட்டம் சேர்ந்தது. அந்தக் கட்டத்துக்குள் நிலத்தின் உருவமே உட்கார்ந்தது. அ-பதிவேட்டுக்குள் புலப்படம் குடியேறியது.

தானாக மாறும் பெயர், தானாக மாறாத கோடு

தமிழ்நாட்டில் அடுத்த பெரிய பிணைப்பு 2018 பிப்ரவரியில். பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 அப்போது தொடங்கியது. பத்திரப்பதிவும் தமிழ் நிலமும் ஒன்றோடொன்று பேச வழி பிறந்தது. முழுப் புலத்தையோ முழு உட்பிரிவையோ விற்றால், பத்திரம் பதிந்ததும் பட்டாவில் பெயர் தானாக மாறும் ஏற்பாடு பின்னர் வந்தது. மனுவோடு அலைவது அந்த இனத்தில் குறைந்தது.

ஆனால் அண்ணன் தம்பி இருவர் ஒரு மனையை நடுவே பிரித்துக்கொண்டால்? புதிய உட்பிரிவு வேண்டும், புதிய கோடு வேண்டும். அங்கே கணினி கையைக் கட்டிக்கொண்டு அளவருக்காகக் காத்திருக்கிறது. அவர் வந்து, கல்லைத் தேடி, அளந்து, தாளில் குறித்தபின்தான் ஏட்டில் பெயர் ஏறும். அவர் கையில் இன்று சங்கிலிக்குப் பதில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி இருக்கலாம். ஆனாலும் தம்பி ஒரு முனையில், அண்ணன் மறு முனையில் நின்று, “இந்த இடம்தான்” என்று ஒப்புக்கொள்ளும் நிமிடத்தை எந்தக் கட்டமைப்பும் இன்னும் தானியங்கியாக்கவில்லை.

ஆரணியின் வரைபடம் சட்டத்துக்குள் நுழைந்த இன்னொரு வழியும் உண்டு: ஆரணிப் பட்டின் புவிசார் குறியீடு. அதை வழங்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவு விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லும் தாள்களில் ஒன்று, பொருள் விளையும் பகுதியின் வரைபடம். கிளைவுக்குக் கோட்டையாக, அளவருக்குப் புலமாக, லைன்மேனுக்குக் கம்பமாக இருந்த ஊர், அந்த வரைபடத்தில்தான் சேலை பிறக்கும் இடமாகச் சட்டத்தின் முன் நின்றது.

காலை ஏழு மணிக்குள் தெருவில் பாவைச் சுருட்டிவிடுவார்கள். வீட்டுக்குள் பிணைப்பு தொடங்கும். பழைய பாவை அறுத்துவிட்டுப் புதிதாக முதலிலிருந்து கோப்பவர் யாரும் இல்லை. பழையதன் நுனியைப் பிடித்துத்தான் புதியது தறிக்குள் நுழையும். புலப்படமும் யு.டி.ஆர். ஏடும் சர்வீஸ் நம்பரும் கணினிக்குள் வந்ததும் அப்படியே. எங்கே இழை மாறியது என்று கண்டுபிடிக்க, கடைசியில் பழைய நுனி வரை போய்த்தான் ஆகவேண்டும்.

அடுத்த பகுதியில்: கோட்டாட்சியர் அலுவலக வாசலில் கேட்ட “யு.டி.ஆர். தப்பு” – ஒரு பெயர் விட்டுப்போனால் அது திரும்ப ஏட்டில் ஏற எத்தனை படி ஏறவேண்டும்?

(தொடரும்)